அடைப்பு எடுக்கிறவர்

அவருடைய வலது கைச் சின்ன விரலில் ஒரு நகம் இருந்தது. மற்ற நகங்களையெல்லாம் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன்பு ஒழுங்காக வெட்டிவிடுவார். அதை மட்டும் வெட்ட மாட்டார். மஞ்சள் பூத்து, நுனி சற்று வளைந்து, உப்பு அள்ளுகிற சிறிய கரண்டியைப் போலிருக்கும். பள்ளிவாசலில் யாராவது கேட்டால், "இது நகமில்ல தம்பி, ஆயுதம். ஆயுதத்த வெட்டச் சொல்லி எந்தக் கிதாபில இரிக்கி?" என்பார். கேட்டவர் சிரித்துவிடுவார். நானும் சிரித்திருக்கிறேன். அந்த நகம் எங்கள் ஊரில் எத்தனை பேரின் காதுக்குள் போய்வந்தது என்று நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்காது.

பெயரை எழுத மாட்டேன். என் மாமியாரின் பால்குடிச் சகோதரர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மாமி பிறந்தபோது அவளுடைய தாய்க்குக் காய்ச்சல். இவருடைய தாய்தான் பால் கொடுத்தாளாம். எங்கள் மார்க்கத்தில் அந்தப் பால் இரத்தத்துக்குச் சமம். அதனால் அவர் மாமியின் வீட்டுக்குள் சலாம் சொல்லிக்கொண்டே நேராகக் குசினி அடுப்படி வரை வருவார். மாமி முக்காட்டை இழுத்துவிடத் தேவையில்லை. அண்ணனை அழைக்கிற முறையில் "நானா" என்பாள். நான் அவரை மாமா என்பேன்.

பேச்சென்றால் எனக்கு உயிர். கல்முனைச் சந்தைக்குள் லுங்கி, சாறன் கடை வைத்திருக்கிறேன். வந்தவர் சாறன் வாங்காமல் போனாலும் ஒரு நல்ல வார்த்தையை விட்டுவிட்டுப் போனால் எனக்கு அன்றைக்கு வியாபாரம் நடந்த மாதிரித்தான். "மீன் வாங்கி வரச் சொன்னா கதை வாங்கிட்டு வாற மனிசன்" என்று என் பெண்சாதி ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். அப்படிப்பட்டவனுக்குப் பக்கத்து வளவிலேயே இவர் கிடைத்தால் எப்படி இருக்கும்!

அவர் வரிப்பத்தான்சேனைப் பக்கத்து வயல்களுக்கு நெடுங்காலம் வட்டவிதானையாக இருந்தவர். வாய்க்கால் தண்ணீரை ஒவ்வொரு வயலுக்கும் முறைவைத்துத் திறந்துவிடுகிற வேலை. விதைப்புக்கு முன்னால் விவசாயிகளையெல்லாம் மண்வெட்டியோடு இறக்கி வாய்க்காலில் நிற்கும் சேற்றை வாரவைப்பார். அந்த வேலையை விட்டு மருதமுனைக்கு வந்து மனைவி வீட்டில் உட்கார்ந்த பிறகும் அவர் கண்ணில் பட்டதெல்லாம் வாய்க்கால்தான்.

"உலகத்தில வருத்தம், நோய் எண்டு ஒண்டும் இல்ல மருமகன். அடைப்புத்தான் இரிக்கி. தண்ணி போற இடத்தில சேறு நிண்டா அதுக்குத்தான் வருத்தம் எண்டு பேர் வெச்சிரிக்காங்க."

புருஷனும் பெண்சாதியும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லையென்றால், "கோவமில்ல அது, அடைப்பு. அவள ஒருக்காச் சத்தம் போட்டு அழ உடு, ஓடிரும்." பிள்ளை சோதனையில் பெயிலென்றால் மண்டையில் அடைப்பு. கரண்ட் போனால் கம்பிக்குள் அடைப்பு. ஒரு தடவை கடலில் மீன் பாடு இல்லையென்று கரைவலைக்காரர் ஒருவர் அழுதபோது, "கடலுக்கும் எங்கயோ அடைச்சிட்டு" என்று பெருமூச்சு விட்டார். அழுதவரே சிரித்துவிட்டார். இதையெல்லாம் நான் கடையில் சொல்லிச் சொல்லி எத்தனை பேரைச் சிரிக்கவைத்திருப்பேன்!

ஆனால் எல்லா அடைப்பிலும் அவருக்குப் பிடித்தது காதடைப்பு. வயதான ஒருவரின் காதைக் கண்டால் அவர் கை சும்மா இருக்காது. கூலி என்று எதுவும் வாங்க மாட்டார். அதுதான் வினை. கூலி வாங்குகிறவனிடம் வேண்டாமென்று சொல்லலாம். சும்மா செய்கிறவனிடம் எப்படிச் சொல்வது?

ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து பள்ளி வாசற்படியில் உட்கார்ந்திருந்தோம். கடல் தொழிலிலிருந்து ஓய்ந்த கிழவர் ஒருவர் எங்களோடு இருந்தார். காது கொஞ்சமும் கேட்காது. இவர் அந்தக் கிழவரின் தலையைத் தேங்காயைத் திருப்புவதுபோல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். "மருமகன், போன் லைட்டப் புடிங்க" என்றார். பிடித்தேன். நகம் உள்ளே போனது. கிழவர் கண்ணை மூடிக்கொண்டார். வெளியே வந்ததை இவர் தன் இடது புறங்கையில் வைத்து, படியில் இருந்த எல்லோருக்கும் நீட்டி நீட்டிக் காட்டினார்.

"பாருங்க. இதுக்குள்ள ஒரு போகம் செய்யலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். விரலைச் சாறனில் துடைத்தார். அந்த நேரம் பார்த்து யாரோ தட்டில் ரோல்ஸ் கொண்டுவந்தார்கள். அதே கையால் ஒன்றை எடுத்து, இரண்டாகப் பிய்த்து, பாதியை என்னிடம் நீட்டினார். "தின்னுங்க மருமகன்." மரியாதைக்கு வாங்கித் தின்றேன். அந்தப் பாதி ரோல்ஸ் இன்னும் கீழே போகவில்லை.

அருவருப்பு அதோடு நின்றிருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். அழுக்கு எல்லார் காதிலும் இருக்கிறது. என்னைக் குமட்டவைத்தது வேறு.

அவருக்குக் காது கேட்காதவர்களை மிகவும் பிடிக்கும். "செவிடனைப் போல நல்ல கூட்டாளி ஆரு? நம்மட கதைக்குக் குறுக்கால வரமாட்டான்" என்பார். இதையும் நான் ஒரு காலத்தில் ரசித்தேன். பிறகு ஒரு நோன்பு மாதத்தில், அதே மீன்பிடிக் கிழவரின் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் பொத்திப் பிடித்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்த்து, துஆக் கேட்கிறவரின் முகத்தை வைத்துக்கொண்டு மெல்லச் சொன்னார்:

"இந்தக் கிழவன் அடுத்த நோன்பு காணமாட்டான். இவனுக்கு ஒரு புள்ளையும் அழாது."

கிழவருக்கு உதடு அசைவது மட்டும் தெரிந்தது. முகம் மலர்ந்து, "ஆமீன்" என்றார்.

சுற்றியிருந்த இரண்டு மூன்று பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள், சிரிப்பை அடக்க. இவர் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார். எழுந்து போய் வாய் கொப்பளித்தேன். வாய்க்குள் ஒன்றுமில்லை, ஆனாலும் கொப்பளித்தேன்.

இனி மாமியின் கதைக்கு வருகிறேன்.

மாமிக்கு அறுபத்தைந்து தாண்டியபோது காது மங்கத் தொடங்கியது. முதலில் போனது மெல்லிய சத்தங்கள்: போன் மணி, அணிலின் கீச்சு, சின்னப் பிள்ளைகளின் குரல். ஆண்களின் கனத்த பேச்சு கேட்கும், ஆனால் நாலுபேர் சேர்ந்து கதைத்தால் ஒன்றும் பிரியாது. அந்த நேரத்தில்தான் என் மச்சினிக்கு, அதாவது மாமியின் இளைய மகளுக்கு, கலியாணப் பேச்சு வந்தது.

எங்கள் பக்கத்தில் மகளுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவான். என் பெண்சாதிக்கு அதே வளவில் வீடு கட்டிக் கொடுத்தாயிற்று. மாமி இருக்கிற பெரிய வீடு இளையவளுக்கு. மாமிக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் முன் அறையை மட்டும் தன் ஹயாத்து உள்ளவரை விட மாட்டேனென்றாள். அந்த அறை ஜன்னல் வீட்டு முன்னால் போகிற சின்னத் தெருவான ஒழுங்கையைப் பார்த்தது. பாண் ஓட்டோ, மீன்காரன், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள், சும்மா போகிற பெண்கள், யார் போனாலும் ஜன்னலடியில் நின்று மாமியோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் போவார்கள்.

"காது போனாலும் கண் இரிக்கிதானே மருமகன். அந்த ஜன்னலாலதான் நான் ஊரோட இரிக்கன்" என்றாள்.

பேச்சு நாளன்று ஆண்கள் கூடத்தில் உட்கார்ந்து கதைப்பார்கள். பெண்கள் திரைக்குப் பின்னால் இருந்து கேட்பார்கள். வேண்டாத வார்த்தை வந்தால் திரைக்குள்ளிருந்து ஒரு செருமல் வரும். அந்தச் செருமலுக்கு எந்த ஹாஜியாரும் நின்றுதான் ஆகவேண்டும். மாமிக்கு அந்தத் திரை வேண்டியிருந்தது. "நீங்க ஆம்புளையள் பாதிய முழுங்கிட்டு வந்துதான் சொல்லுவீங்க. என்ட அறையப் பத்தின கதைய என்ட காதால கேக்கோணும். கேட்டாத்தானே செரும ஏலும்?"

நானும் பெண்சாதியும் அவளைக் காது டொக்டரிடம் கூட்டிப் போனோம். இளம் பெண் டொக்டர், வயல்காரக் குடும்பத்துப் பிள்ளை. கருவியை விட்டுப் பார்த்துவிட்டு, "வெளிக்காது கண்ணாடி மாதிரிச் சுத்தம். ஒரு அடைப்பும் இல்ல" என்றாள்.

"மறுகா ஏன் புள்ள கேக்கிதில்ல?"

"உங்கட உடம்புக்குள்ள காவல்காரர் இருக்காங்க உம்மா. கிருமி வந்தா விரட்டுற ஆக்கள். வயலுக்கு ஆனைக்காவல் போறாங்களே, அது மாதிரி. இளவயசுக் காவல்காரன் ஆனை வந்தாத்தான் வெடி போடுவான். போனதும் படுத்திருவான். அவன் கிழவனானா?"

"கண் தெரியாது" என்றாள் மாமி. அவளுடைய புருஷன் அந்தக் காவலுக்குப் போனவர்தான்.

"ஓம். ஆனை உள்ளுக்கு வந்தாலும் தெரியாது. ஆனா பயத்தில சும்மா சும்மா வெடி போட்டுக்கிட்டே இருப்பான். சொந்த வைக்கோலில நெருப்புப் பிடிக்கும். பெரிசா எரியாது, விடாம புகையும். வயசு போனா உடம்பு பூராவும் அப்படி ஒரு புகைச்சல் இருக்கும். உள்காதில முடி மாதிரி மெல்லிசாச் சில இருக்கு. சத்தத்தப் பிடிக்கிறது அதுதான். அந்தப் புகைச்சலும் அதக் கெடுக்குதெண்டு இப்ப ஆராய்ச்சி செய்றவங்க சொல்றாங்க. முழுசாத் தெரிஞ்ச கதை இல்ல இது. வயசு இருக்கு, நீங்க இளமையில தறியில இருந்த சத்தம் இருக்கு, சீனி வருத்தம் இருக்கு. எதால போனாலும் அது திரும்ப முளைக்காது."

"அப்ப என்ட காதுக்குள்ள ஊடு பத்தி எரியிது" என்றாள் மாமி. டொக்டர் சிரித்துவிட்டாள்.

காதில் மாட்டுகிற மெஷின் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகுமென்றாள். எழுந்து வரும்போது மாமியின் கையைப் பிடித்து, "அதுவரைக்கும் எண்ணெய், தண்ணி, குச்சி, ஒண்டும் விடாதீங்க. ஒரு கீறல் பட்டாலும் விரட்ட உள்ளுக்கு நல்ல காவல்காரன் இல்ல" என்று இரண்டு தடவை சொன்னாள். இரண்டு தடவையும் மாமிக்குக் கேட்டது.

ஆனால் பேச்சு நாள் மெஷினுக்கு முந்தி வந்துவிட்டது.

மாமி டொக்டரின் கதையை வேலிக்கு மேலால் நானாவிடம் ஆசை ஆசையாகச் சொன்னாள். அவர் கண்ணை மூடிக் கேட்டார். "டொக்டர் புள்ள நல்லாத்தான் செல்லிரிக்கி. ஆனா வாய்க்காலுக்குள்ள எறங்காத புள்ள. பொகைஞ்சா என்னகா மிஞ்சும்? சாம்பல். சாம்பல் எங்க போகும்? காதுக்குள்ளதான் நிக்கும். அதுதானே நான் செல்ற அடைப்பு!"

நான் கடையில் இருந்த பகல் பொழுதில் நடந்தது இது. என் பெண்சாதி சொல்லித்தான் தெரியும். உள்ளிப்பூடு தட்டிப்போட்டு வேப்பெண்ணெயைக் காய்ச்சிச் சிரட்டையில் கொண்டுவந்தாராம். தன் வீட்டுச் சேவலின் இறகு ஒன்றையும். என் பெண்சாதி குறுக்கே நின்றாள். "மாமா, டொக்டர் ஒண்டும் உடக் கூடாதெண்டவ."

"டொக்டர் படிச்ச புள்ள. நான் பால் குடிச்ச நானா. ஆருக்குகா உரிமை?"

மாமி மகளைப் பார்த்து, "அந்த ஒரு நாளைக்குக் கேட்டாப் போதும் புள்ள" என்றாளாம்.

முதலில் வாயால் ஊதினாராம், வெற்றிலை எச்சில் தெறிக்க. பிறகு நகம். உள்ளே ஒன்றுமில்லாத இடத்தில் அந்த நகம் எதைத் தேடியிருக்கும்? மாமி "ஸ்" என்று தோளைக் குறுக்கினாளாம். "அதுதான், அதுதான், ஒட்டிக்கிட்டு இரிக்கி" என்று இன்னும் ஆழமாகக் கிண்டினாராம். அதற்குப் பிறகு இறகு, எண்ணெய்.

வலது காது வீங்கியது. சில நாட்களில் மாமியின் தலையணை உறையில் மஞ்சளும் பச்சையுமாகக் கறை. அறைக்குள் போனால் கெட்டுப்போன நண்டின் நாற்றம். நான் மூக்கைப் பொத்தாமல் இருக்கப் படாத பாடு பட்டேன். மாமிக்கு அது தெரிந்திருந்தது. என் பக்கம் இடது கன்னத்தையே காட்டிக்கொண்டிருந்தாள்.

அவர் வந்தார். குனிந்து பார்த்தார். முகம் கந்தூரிச் சோற்றைக் கண்ட மாதிரி விரிந்தது.

"மாஷா அல்லாஹ்! சேறு வெளியாகுது! நான் செல்லல்லையா?"

வாசலுக்குப் போய் ஒழுங்கையில் போன இரண்டு பேரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து காட்டினார். மாமியின் காதைக் காட்டினார். அவள் கண்ணை மூடி, சுவர்ப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு கிடந்தாள். காய்ச்சல் கொதித்தது. அப்போதுதான் நான் கத்தினேன். ஓட்டோவைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

சீனியும் வயதும் சேர்ந்த உடம்பில் அந்தப் புண் எலும்பு வரை போகப் பார்த்ததாம். ஊசி மேல் ஊசி. டொக்டர் யாரையும் ஏசவில்லை. காதைத் திறந்து பார்த்துவிட்டு, "ஆரு?" என்று மட்டும் கேட்டாள். மாமி, "எங்கட ஆள்தான்" என்றாள்.

பேச்சு நாள் வந்தபோது மாமி ஆஸ்பத்திரி வாட்டில் கிடந்தாள். தள்ளிப்போடலாமென்று நான் சொன்னேன். "நல்ல காரியத்த அடைச்சி வெக்கக் கூடாது" என்றார் அவர். மாமனார் மௌத்தாகிப்போன வீட்டில் சகோதரன் சொல்லுக்கு மருமகன் சொல் எடுபடுமா? திரை கட்டினார்கள். அதற்குப் பின்னால் மாமியின் கதிரை வெறுமையாக இருந்தது.

மாப்பிள்ளையின் தகப்பன் மெல்ல ஆரம்பித்தார். வீட்டை முன்னுக்கு இடித்துப் பெருப்பிக்கலாம், மாமி குசினிப் பக்கச் சின்ன அறையில் இருந்தால் அவவுக்கும் வசதி, என்று. நான் வாயைத் திறக்குமுன் இவர் தொடையில் தட்டினார்.

"தங்கச்சி எனக்கிட்டச் செல்லிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனவ. எல்லாம் சம்மதம். செவிட்டு மனிசிக்கு ஒழுங்கைப் பக்கம் ஜன்னல் என்னத்துக்கு?"

"மாமியிட்ட ஒருக்காக் கேக்கோணும்" என்றேன்.

"கேளுங்க மருமகன், கேளுங்க. அவக்குக் கேட்டாத்தானே!"

கூடம் குலுங்கச் சிரித்தது. திரைக்குப் பின்னால் யாரும் செருமவில்லை. எனக்கு அந்த மனிதரின் பேச்சின் மீது இருந்த ஆசையெல்லாம் அந்தச் சிரிப்போடு செத்தது. நல்ல வார்த்தை என்று நான் பொறுக்கி வைத்திருந்ததெல்லாம் அவருடைய புறங்கையில் இருந்த அழுக்குருண்டையைப்போல் தெரிந்தது.

மாமி உயிரோடு வீட்டுக்கு வந்தாள். வலது காது முழுதாகப் போய்விட்டது. இடது காதுக்கு மெஷின் வந்தது. அவள் சாமான்களைக் குசினிப் பக்க அறைக்கு ஏற்கனவே மாற்றியிருந்தார்கள். கட்டிலில் உட்கார்ந்து, மெஷினை மாட்டி, என் பெண்சாதி சொன்னதையெல்லாம் கேட்டாள். யாரையும் ஏசவில்லை. "நானாவ வரச் சொல்லு" என்றாள்.

வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார், மாமியின் வலது பக்கமாக. அவருக்கு வசதியான காது அதுதானே.

"முன் அறைய ஆரக் கேட்டுக் குடுத்தீங்க நானா?"

அவர் குனிந்து, அந்தச் செத்த காதுக்குள் வாயை வைத்துக் கதைக்கத் தொடங்கினார். எல்லாம் உன் நன்மைக்குத்தான் என்றார். வயதுபோனால் மனிசர் சுருங்கத்தானே வேணும் என்றார். உன் காதிலிருந்து வந்த சேற்றை நான் எடுக்காவிட்டால் மூளைக்குப் போயிருக்கும் என்றார். மாமி கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு இடது காதிலிருந்து மெஷினைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் நிறுத்தவில்லை. கதைத்துக்கொண்டே கையை நீட்டி, அவள் மடியிலிருந்த மெஷினை எடுத்தார். வெளிச்சத்துக்குத் திருப்பினார். சாறனில் துடைத்தார். அந்த நகத்தால் அதன் சின்னத் துவாரத்தைக் கிண்டத் தொடங்கினார்.

"இதுக்குள்ளயும் அடைப்பு இரிக்கிகா" என்றார்.

மாமிக்கு அது கேட்டிருக்காது. அவள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்து, மெஷினைத் திரும்ப வாங்கினாள்.

"நானா, இந்த நகத்த வெட்டிட்டு இந்த ஊட்டுக்கு வாங்க. வெட்டாம வராதீங்க."

பிறகு எழுந்து, தலையணையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கூடத்தைத் தாண்டி முன் அறைக்குப் போய், கதவைச் சாத்தினாள். மாப்பிள்ளை வீட்டார் முறுகினார்கள். மாப்பிள்ளைப் பொடியன் நல்லவன். "மாமி முன்னுக்கே இரிக்கட்டும்" என்று தகப்பனிடம் சொல்லிவிட்டான். கலியாணம் நடந்தது. மாமி இன்னும் அந்த ஜன்னலடியில்தான் இருக்கிறாள்.

அவர் அதற்குப் பிறகு வரவில்லை. மாமி கூப்பிடவுமில்லை. ஒழுங்கையால் போகும்போது ஜன்னலைப் பார்க்காமல், வலது கையைச் சாறன் மடிப்புக்குள் வைத்துக்கொண்டு போவார்.

அவர் மௌத்தானபோது உடலைக் குளிப்பாட்ட ஆள் குறைவாக இருந்தது. மூத்த மகன் வெளிநாட்டில். என்னைக் கூப்பிட்டார்கள். போகாமலிருக்க முடியுமா? ஆலிம் தண்ணீரை ஊற்றினார். விரல்களின் நகத்துக்கடியெல்லாம் சுத்தமாக்க வேண்டுமென்று சொல்லி, சின்னக் குச்சியில் பஞ்சு சுற்றி என் கையில் தந்தார். "வலது கை உங்களுக்கு" என்றார். அந்தக் கையைத் தூக்கினேன். அந்த நகம் இருந்தது. அதன் அடியில் பஞ்சை விட்டேன். பஞ்சை மாற்றினேன். திரும்பவும் விட்டேன்.

வீட்டுக்கு வந்து கிணற்றடியில் தலைமுழுகிவிட்டு உள்ளே போனபோது, மாமி மெஷினை மாட்டிக்கொண்டு ஜன்னலடியில் இருந்தாள். ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு இன்னும் ஒழுங்கையால் வரவில்லை. என் பக்கம் இடது காதைத் திருப்பினாள்.

"நகம் இரிந்திச்சா, வெட்டிரிந்திச்சா?"

மையித்தைக் குளிப்பாட்டியவன் கண்டதை வெளியே சொல்லக் கூடாது. அது எங்கள் மார்க்கம். அதனால்தான் அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை. ஜனாஸா ஒழுங்கையில் திரும்புகிற சத்தம் வந்தது. மாமி என் உதட்டைப் பார்த்தாள். பிறகு சாறனில் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்த என் விரல்களைப் பார்த்தாள்.

"சரி மருமகன்" என்று சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பினாள்.